ஆற்றோரம் ஒரு மெதுவான பயணம்

(ஆதரவாளர்களின் வருடாந்தரக் கூடுகையில் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியர் ஆற்றிய உரை)



திருச்சியிலிருந்து பூம்புகார் வரை காவேரிக் கரையோரமாக நாங்கள் சைக்கிளில் போய் வந்ததைப் பற்றிப் பேசும்படி கூடுகைப் பொறுப்பாளர்கள் எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டவுடனே எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால், நாங்கள் ஒன்றும் பெரிய சைக்கிள் வீரர்கள் அல்ல. எங்களில் மூத்தவருக்கு இப்போது எழுபதை நெருங்கும் வயது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை வியாதி. இளையவருக்கு அறுபது கடந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் முழங்கால் பேசும். நாங்கள் போன வேகத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எங்களை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துக் கையசைத்தார்கள். ஆனாலும், எங்களைப் போன்றவர்களும் போகக்கூடிய பாதை ஒன்று இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறோம்.

இது எப்படி ஆரம்பித்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்களில் இளையவர் பதின்மூன்று வயதில் தன் அண்ணனுடைய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர். வயதுக்கு வந்ததும் வீட்டில் அதை நிறுத்திவிட்டார்கள். "இனிமேல் சைக்கிளைத் தொடக் கூடாது" என்று பாட்டி சொன்னதோடு முடிந்தது. பிறகு ஆசிரியையாகிப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வேலை பார்த்தார். 1991, 1992ஆம் ஆண்டுகளில் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்ததை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், எழுத்துக் கற்பிப்பதோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அதையும் இயக்கத்தின் பகுதியாக்கினார்கள். கல் உடைக்கும் பெண்கள், களையெடுக்கும் பெண்கள், பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த தாய்மார்கள் என்று ஆயிரக்கணக்கானோர் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். எங்கள் ஆசிரியை மாலை நேரங்களில் அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். சைக்கிள் ஓட்டினபோது கைதட்டினார். ஆனால் அவர் மட்டும் ஏறவில்லை. 'டீச்சர் விழுந்தால் பிள்ளைகள் சிரிக்குமே' என்ற கூச்சம். அந்தக் கூச்சம் இன்னும் இருபத்தெட்டு வருடங்கள் அவரோடு இருந்தது.

2019ஆம் ஆண்டில் எங்கள் டாக்டர் மூத்தவரைப் பார்த்து, "ஐயா, மாத்திரை மட்டும் போதாது. தினமும் உடம்பு அசைய வேண்டும். நடக்க முழங்கால் வலித்தால் சைக்கிள் ஓட்டுங்கள், மூட்டுக்குப் பாரம் குறையும்" என்றார். மூத்தவர் சைக்கிள் வாங்கினார். தனியாகப் போகப் பிடிக்கவில்லை. அப்போதுதான் இளையவர் வெட்கத்தை விட்டு, "எனக்கும் ஒன்று வாங்குங்கள்" என்றார். ஐம்பத்தெட்டு வயதில், காலை ஐந்தரை மணிக்கு, ஆள் நடமாட்டமில்லாத பள்ளி மைதானத்தில் மறுபடியும் பழகினார். மூன்று முறை விழுந்தார். யாரும் சிரிக்கவில்லை. நாய் ஒன்று மட்டும் குரைத்தது.

இனி பாதையைப் பற்றிச் சொல்லுகிறோம்.

காவேரி திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் உள்ள முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே பிரிவது கொள்ளிடம். 1836இல் ஆர்தர் காட்டன் என்ற பொறியாளர் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டி, காவேரிக்குப் போதிய நீர் கிடைக்கச் செய்தார். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அந்தப் பழைய அணையின் மதகுகள் சில அடித்துச் செல்லப்பட்டன. பின்பு புதிய கதவணை கட்டப்பட்டது. முக்கொம்புக்குக் கிழக்கே, இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் ஸ்ரீரங்கம் தீவாகக் கிடக்கிறது. தீவின் கிழக்குக் கோடியில் கரிகாலன் கட்டிய கல்லணை இருக்கிறது. அங்கிருந்துதான் டெல்டா விரிகிறது.

இந்தத் தேசம் எவ்வளவு சமமானது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்லுகிறோம். திருச்சி கடல் மட்டத்துக்கு 80 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. கும்பகோணம் சுமார் 25 மீட்டர். மயிலாடுதுறை சுமார் 11 மீட்டர். நாங்கள் போன பாதை ஏறக்குறைய 150 கிலோமீட்டர். ஆக, ஒரு கிலோமீட்டருக்கு அரை மீட்டர் அளவுதான் இறக்கம். கண்ணுக்கு அது தெரியாது. முழங்காலுக்கும் தெரியாது. பாலம் ஏறும் இடங்களைத் தவிர மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது.

இன்னொரு விசேஷமும் உண்டு. டெல்டாவில் ஆறு பள்ளத்தில் ஓடுவதில்லை. காலங்காலமாக வண்டலைக் கொண்டுவந்து படியவைத்து, தன் படுகையைத் தானே உயர்த்திக்கொண்டிருக்கிறது. ஆகவே பல இடங்களில் வயலைவிட ஆறு உயரத்தில் இருக்கிறது. மதகைத் திறந்தால் நீர் தானாகவே வாய்க்காலில் இறங்கும். ஆறு உடைத்துக்கொள்ளாமலிருக்கக் கரை கட்டியிருக்கிறார்கள்; அந்தக் கரையின் மேல்தான் நம்முடைய பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் தாழ்வாகப் பச்சை வயல், நடுவில் நிழல். சைக்கிளில் உட்கார்ந்தபடியே இரண்டு பக்கமும் வெகுதூரம் பார்க்கலாம்.

எந்த மாதம் போகலாம் என்று பலர் கேட்கிறார்கள். பொங்கல் கழிந்த வாரந்தான் எங்கள் அனுபவத்தில் சிறந்தது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். எனவே ஜனவரி மூன்றாம் வாரத்தில் ஆற்றில் பெரும்பாலும் தண்ணீர் இருக்கும், வெயில் இருக்காது, வடகிழக்கு மழையும் ஓய்ந்திருக்கும். ஆடி மாதத்தில் போனால் மேல்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். அது சுகந்தான், ஆனால் திரும்பி மேற்கே வர நினைத்தால் அழுகை வந்துவிடும். தை மாதத்தில் ஒரே சங்கடம் காலைப் பனிமூட்டம். ஏழரை மணிக்கு முன்னால் புறப்படாதீர்கள். எதிரே வருகிற பஸ் தெரியாது.

2020 ஜனவரியில் நாங்கள் முதல்முறை புறப்பட்டோம். இரண்டு சாதாரண சைக்கிள்கள். கியர் கிடையாது, இந்தப் பாதைக்குத் தேவையும் இல்லை. கடைக்காரரிடம் சொல்லி, பெடல் கீழே வரும்போது கால் ஏறக்குறைய நீளும்படி சீட்டை உயர்த்திக்கொண்டோம். முழங்கால் வலிக்குப் பாதிக் காரணம் தாழ்ந்த சீட்டு என்பதை அப்போதுதான் அறிந்தோம். பின்னால் கேரியரில் ஒரு பை. அதில் மாற்றுத் துணி, பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு, இரண்டு பாட்டில் தண்ணீர், மூத்தவரின் மாத்திரைகள்.

முதல் நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து புறப்பட்டு, திருவானைக்காவல், உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் கல்லணை சேர்ந்தோம். சுமார் 16 கிலோமீட்டர். வலது பக்கம் காவேரி, இடது பக்கம் வாழைத் தோட்டம். இரண்டு மணி நேரத்தில் மெதுவாக வந்துவிட்டோம். கல்லணையில் நின்று பார்த்தால் ஆறு பங்கு போடப்படுவதைக் கண்ணாரக் காணலாம். காவேரி ஒரு பக்கம், வெண்ணாறு ஒரு பக்கம், 1934இல் மேட்டூர்த் திட்டத்தோடு வெட்டி முடித்த கல்லணைக் கால்வாய் ஒரு பக்கம். தஞ்சாவூர் ஜனங்கள் அந்தக் கால்வாயை இன்றும் 'புது ஆறு' என்றுதான் சொல்லுகிறார்கள். அங்கே மதியம் இளைப்பாறி, மாலையில் கோவிலடி வழியாகத் திருக்காட்டுப்பள்ளிக்குப் போனோம். அது இன்னும் 17 கிலோமீட்டர் இருக்கும். பக்கத்தில் பூண்டி மாதா பேராலயம் இருப்பதால் யாத்ரீகர்கள் தங்கும் விடுதிகள் உண்டு. இரவு நன்றாகத் தூங்கினோம். 'இவ்வளவுதானா! நாம் வீணாகப் பயந்தோமே' என்று சொல்லிக்கொண்டோம்.

இரண்டாம் நாள்தான் நாங்கள் பாடம் கற்ற நாள்.

அன்று திருவையாறு வரை சுமார் 20 கிலோமீட்டர்தான். தூரம் குறைவு என்ற தைரியத்தில் மூத்தவர் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "நடுக்காவேரியில் சூடாக இட்லி சாப்பிடலாம்" என்று வெறும் வயிற்றோடு சைக்கிளில் ஏறிவிட்டார். இளையவர் தடுத்திருக்க வேண்டும்; அவரும் தடுக்கவில்லை. கரைச் சாலையில் ஒன்றரை மணி நேரம் போயிருப்போம். மூத்தவர் பேச்சைக் குறைத்தார். பிறகு காரணமில்லாமல் எரிந்து விழுந்தார். "கொஞ்சம் நிற்கலாமா?" என்று கேட்டதற்கு, "எனக்கு ஒன்றுமில்லை, நீ போ" என்றார். குளிர்ந்த காலையில் அவருடைய சட்டை முதுகு முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது. சைக்கிள் தள்ளாட ஆரம்பித்தது. தள்ளாடியது வயல் பக்கம் அல்ல, ஆற்றுப் பக்கம். கரை அங்கே செங்குத்தாக இறங்கியது. கீழே இடுப்பளவுக்கு மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

இளையவர் தன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவருடைய ஹேண்டில்பாரைப் பிடித்தார். இரண்டு பேரும் ஒன்றாக விழுந்தோம், ஆனால் சாலைமேல் விழுந்தோம். மூத்தவருக்கு எங்கே இருக்கிறோம் என்பது தெரியவில்லை. தன் மனைவியின் பெயரைக் கேட்டதற்குப் பதில் சொல்லத் தடுமாறினார். கையில் மாத்திரை இருந்தது, தண்ணீர் இருந்தது. ஒரு துண்டு வெல்லம் இல்லை.

அப்போது மதகடியிலிருந்து ஒருவர் வேகமாக வந்தார். ஆற்றுக் கரையையும் மதகுகளையும் பார்த்துக்கொள்ள அரசாங்கம் வைத்திருக்கும் ஊழியர். டெல்டாவில் அவர்களை லஸ்கர் என்பார்கள். பார்த்தவுடனே, "அம்மா, ஐயா எதுவும் சாப்பிடலையா? சுகர் மாத்திரை போடுறவரா?" என்று கேட்டார். ஓடிப்போய்த் தன் தூக்குவாளியிலிருந்து டீயை ஊற்றி, அதில் நாட்டுச்சர்க்கரையை அள்ளிப்போட்டுக் கலக்கிக் கொண்டுவந்தார். மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தோம். அந்தப் பதினைந்து நிமிடங்கள் எங்கள் வாழ்க்கையிலேயே நீளமானவை. பிறகு மூத்தவர் நிமிர்ந்து பார்த்து, "ஏன் எல்லாரும் தரையில் உட்கார்ந்திருக்கிறோம்?" என்று கேட்டார். இளையவர் அப்போதுதான் அழுதார்.

அந்த லஸ்கர் தன் மதியச் சோற்றையும் பாதி கொடுத்தார். தன் தகப்பனாருக்கும் இப்படி வந்ததுண்டு என்றும், அதனால் அடையாளம் தெரியும் என்றும் சொன்னார். பணம் கொடுக்கப் போனோம்; வாங்கவில்லை. "கரையில யாரு விழுந்தாலும் பார்க்கறதுதானேம்மா எங்க வேலை" என்று சொல்லிவிட்டு மதகுக்குத் திரும்பினார்.

அந்தப் பயணம் அதோடு முடிந்தது. திருவையாற்றுக்குப் போய், தெரிந்தவர் வீட்டில் சைக்கிள்களை விட்டுவிட்டு, பஸ்ஸில் தஞ்சாவூர் போய் ரயிலேறி வீடு திரும்பினோம். இரண்டு நாள் ஒருவரோடொருவர் அதிகம் பேசவில்லை. தோற்றுவிட்டோம் என்ற வருத்தம் மூத்தவருக்கு. 'நான் ஒரு நிமிஷம் முன்னாலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்' என்ற நடுக்கம் இளையவருக்கு. இனி சைக்கிளே வேண்டாம் என்ற முடிவுக்கு ஏறக்குறைய வந்துவிட்டோம்.

டாக்டரிடம் போனபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சைக்கிள் உங்களை விழவைக்கவில்லை ஐயா. மாத்திரையும் வெறும் வயிறும் உழைப்பும் ஒன்றாகச் சேர்ந்தன, அவ்வளவுதான்" என்றார். சில வகைச் சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும் உழைப்பின்போது சர்க்கரையை மிகவும் இறக்கிவிடும் என்றும், 70க்குக் கீழே போனால் அது அபாயம் என்றும், வியர்வை, நடுக்கம், எரிச்சல், குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள் என்றும் விளக்கினார். அப்படி வந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் பரிசோதிக்க வேண்டும். குறைவாகவே இருந்தால் இன்னொரு முறை குடிக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு மாத்திரம் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இதை இங்கே விவரமாகச் சொல்லக் காரணம், உங்களில் பலர் வீட்டில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இருப்பார்கள். அவர்கள் சைக்கிள் ஓட்டினாலும் சரி, தோட்டவேலை செய்தாலும் சரி, தங்கள் டாக்டரைக் கேட்டு மாத்திரையின் அளவையும் நேரத்தையும் முன்னதாகவே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

அதன்பின் கொரோனாக் காலம் வந்தது. ஊரடங்கு தளர்ந்தபோது நாங்கள் விடியற்காலையில் பத்துக் கிலோமீட்டர், பன்னிரண்டு கிலோமீட்டர் என்று மறுபடியும் ஓட்டத் தொடங்கினோம். 2023 ஜனவரியில் விட்ட பயணத்தை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்த முறை எங்களுக்குள் சில கட்டளைகள் இருந்தன.

முதலாவது, சாப்பிடாமல் சைக்கிளில் ஏறுவதில்லை. இரண்டு பேருடைய சட்டைப்பையிலும் சர்க்கரைப் பொட்டலம் இருக்க வேண்டும். ஒருவர் பையில் மட்டும் இருந்தால் போதாது. இரண்டாவது, பலவீனமானவர் முன்னால் போக வேண்டும், பலமுள்ளவர் பின்னால் வர வேண்டும். முன்பு மூத்தவர் ஆண்பிள்ளை என்று முன்னால் போனார். இப்போது அன்றன்றைக்கு யாருக்கு முடியவில்லையோ அவர் முன்னால் போவார். அவருடைய வேகந்தான் இருவருக்கும் வேகம். மூன்றாவது, ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு முறை இறங்கி நிற்க வேண்டும், தேவையோ இல்லையோ. நான்காவது, "போதும்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் காரணம் கேட்கக் கூடாது.

நான்காவது கட்டளைக்கு இந்தப் பாதை நன்றாக ஒத்துழைக்கிறது. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று ரயில் பாதை ஆற்றுக்குச் சமீபமாகவே வருகிறது. முடியாமல் போனால், பெரும்பாலான இடங்களிலிருந்து சிறிது தூரத்தில் ஸ்டேஷன் உண்டு. பெரிய ஸ்டேஷன்களில் சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்து அதே ரயிலில் கொண்டுவரலாம். நடுவில் விட்டுவிட வசதியுள்ள பாதையில்தான் பயமில்லாமல் புறப்பட முடிகிறது.

இரண்டாம் நாள் அந்த மதகடியில் இறங்கினோம். அந்த லஸ்கர் வேறிடத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்திருந்த இளைஞரிடம் நடந்ததைச் சொன்னோம். "நானும் ஒரு பொட்டலம் சர்க்கரை வச்சுக்கிறேன் ஐயா" என்றார். அவருக்காக வாங்கிப்போயிருந்த வேஷ்டியையும் துண்டையும் இந்தத் தம்பியிடம் கொடுத்து, சேர்க்கச் சொல்லிவிட்டு வந்தோம்.

திருவையாற்றில் தியாகராஜருடைய சமாதி ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. ஜனவரியில் ஆராதனை நடக்கும் நாட்களில் அறை கிடைப்பது கடினம். தேதியைப் பார்த்துப் போங்கள். அந்த ஊர் அசோகா அல்வாவை இளையவர் மட்டும் சாப்பிட்டார். மூத்தவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் திருவையாற்றிலிருந்து கும்பகோணம், சுமார் 35 கிலோமீட்டர். கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம், சுவாமிமலை என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொரு ஊருக்கும் ஆற்றில் படித்துறை உண்டு. படியில் உட்கார்ந்து காலை நனைத்தால் முழங்கால் வலி பாதி போய்விடும். ஆனால் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் தெரியாது; ஊர்க்காரர் காட்டாத இடத்தில் இறங்கிக் குளிக்க வேண்டாம். சுவாமிமலையில் ஸ்தபதிகள் வெண்கலச் சிலை வார்ப்பதைப் பார்த்தோம். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவேரியின் வண்டல் மண்ணைப் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். சைக்கிள் டயரில் ஒட்டி எங்களைத் தொந்தரவு செய்த அதே மண், அங்கே அவ்வளவு நுட்பமான வேலை செய்கிறது.

நான்காம் நாள் கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை, சுமார் 37 கிலோமீட்டர். பெரிய சாலையில் லாரியும் பஸ்ஸும் அதிகம். ஆகவே ஆடுதுறைப் பக்கத்தில் ஆற்றைக் கடந்து, வடகரையில் திருமங்கலக்குடி, கஞ்சனூர் வழியாகக் கிராமச் சாலைகளில் போனோம். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஏ.டி.டி. என்று ஆரம்பிக்கும் நெல் ரகங்கள் எல்லாம் அங்கே பிறந்தவை. சம்பா அறுவடை நேரமாதலால் சாலைமேல் வைக்கோலும் நெல்லும் காயப்போட்டிருந்தார்கள். வைக்கோல்மேல் ஓட்டாதீர்கள், அது செயினில் சுற்றிக்கொண்டு சக்கரத்தை நிறுத்திவிடும். நெல்மேல் ஓட்டுவதோ ஒருவருடைய ஆறு மாத உழைப்பின்மேல் ஓட்டுவது. இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். நாங்கள் இறங்கியதைக் கண்ட ஒரு பாட்டி கூப்பிட்டு மோர் கொடுத்தார்கள். கரையோரத்தில் நெருஞ்சி முள் உண்டு. அன்று ஒரே நாளில் இரண்டு பஞ்சர். கிராமத்து சைக்கிள் கடைகள் முன்போல எல்லா ஊரிலும் இல்லை என்பதால், ஒட்டத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஐந்தாம் நாள் கடைசி 25 கிலோமீட்டர். செம்பனார்கோவில், மேலையூர், பூம்புகார். மேலையூரில் காவேரியின் கடைமுகத் தடுப்பணை இருக்கிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் இங்கே வந்து சேரும் நாளில் விவசாயிகள் பூத்தூவி வரவேற்பார்கள். அதற்கப்புறம் பாசனம் இல்லை, கடல்தான்.

பூம்புகாரில் காவேரி கடலோடு சேரும் இடத்தைத் தேடிப் போனோம். திருச்சியில் அரைக் கிலோமீட்டர் அகலத்தில் பார்த்த ஆறு அங்கே ஒரு பெரிய வாய்க்கால் போலத்தான் இருக்கிறது. இளையவர், "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டார். ஐந்து நாளும் கூடவே வந்தவர்களாகையால் பதிலும் எங்களுக்கே தெரிந்திருந்தது. முக்கொம்பில் கொள்ளிடத்துக்கு, கல்லணையில் வெண்ணாற்றுக்கும் புது ஆற்றுக்கும், திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டிக்கு, பின்பு எண்ணிமுடியாத வாய்க்கால்களுக்கு அது கொடுத்துக்கொண்டே வந்ததை நாங்கள் பார்த்தோம். நாங்கள் இறங்கித் தள்ளிய நெல்லும், பாட்டி கொடுத்த மோரும் அதிலிருந்து வந்தவைதான். மணலில் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் நின்றோம்.

எங்களிடம் பலர், "இந்த வயதில் இது எப்படி முடிந்தது?" என்று கேட்கிறார்கள். எங்களால் முடிந்தது பாதை சுலபமானது என்பதால். அதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமில்லை. மலையேறுகிறவர்களை நாங்கள் மெச்சுகிறோம். ஆனால் மலைப்பாதையில் நாங்கள் இருவரும் சேர்ந்து போக முடியாது, ஒருவர் வீட்டில் இருந்திருப்பார். சமமான பாதையில்தான் வியாதியுள்ளவரும் முழங்கால் வலியுள்ளவரும் ஒன்றாகப் போக முடிந்தது. விழுந்தபோது பக்கத்தில் ஒருவர் இருந்ததும் அதனால்தான்.

உங்களில் யாராவது புறப்பட விரும்பினால், 150 கிலோமீட்டரை நினைக்காதீர்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து கல்லணைக்கு ஒரு காலைப் பொழுது போய்வாருங்கள். அது அதிகம் என்றால் உத்தமர்சீலி வரை போய்த் திரும்புங்கள். இரண்டு ஊர்களுக்கும் தூரமாக இருப்பவர்கள் தங்கள் ஊர் ஏரிக்கரையில் ஓட்டலாம். காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, சீட்டை உயர்த்திக்கொண்டு, பையில் சர்க்கரைப் பொட்டலத்தோடு போங்கள். வீட்டில் இத்தனை வருடம் ஓட்டாமலிருக்கிற அம்மாவோ அக்காவோ இருந்தால், அவர்களுக்கும் ஒரு சைக்கிள் ஏற்பாடு செய்து, அவர்களை முன்னால் போக விடுங்கள்.

வழியில் மதகடியில் யாராவது லஸ்கர் உட்கார்ந்திருந்தால், எங்களுக்காக ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள்.